வாத்துக்குஞ்சு மலைக்குப் போய் வந்த விவரம்

எடிசன், நியூ ஜெர்சி
15-7-2001

மதிப்பிற்குரிய மச்சான் நஞ்சப்பன் அவர்களுக்கு,

செல்வராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை வசந்தாமணியும், மகன் மதனும், மருமகள் யாமினியும், பேத்தி வெண்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பொறுத்தவரை நான் ஒருவன் மட்டும் குழம்பிப்போயிருக்கிறேன். அதன் விவரம் கீழே வருகிறது. தாராபுரத்தில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், அமராவதியில் தண்ணீர் விட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே போன் பேச ஒரு அட்டை வாங்க வேண்டும். அட்டையைச் சுரண்டி, அதிலிருக்கும் எண்களையெல்லாம் அழுத்தி, நான் "மச்சான், நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு, தாங்கள் "ஆரு?" என்று கேட்டு, நான் இன்னார் என்று நிரூபிப்பதற்குள் நடுவில் ஒரு பெண்மணி இங்கிலீஷில் ஏதோ சொல்லி லைனைத் துண்டித்துவிடுகிறாள். ஆகவே கடிதம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் வசந்தாவும் ஆவணி பிறந்ததும் ஊர் திரும்புகிறோம். மெட்ராஸில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியற்காலையில் திருப்பூர் வந்து சேர்வோம். தாங்கள் தயவுசெய்து ஒரு வேன் பேசிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரவும். கார் வேண்டாம், பெட்டிகள் பெரியவை.

நிற்க. ஆறு மாதம் இருக்கிறோம் என்று போனவர்கள் பாதியிலேயே ஏன் வருகிறீர்கள் என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நாங்கள் வந்து இறங்கிய சில நாளிலேயே வீட்டில் காற்று சரியில்லை. யாமினி காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவாள். வந்ததும் "சாப்டீங்களா மாமா?" என்று ஒரு கேள்வி. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆபீஸ் வேலையை வீட்டிலும் பார்க்கிறாளே, என்ன பொறுப்பு என்று நான் மெச்சிக்கொண்டேன். இங்குள்ள கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் மருமகள் பெரிய டெலிபோன் கம்பெனியில் சீனியர் எஞ்சினீயர்" என்று சொல்லியும் வந்தேன். ஒருநாள் அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பெண் சந்தோஷப்படாமல் விடுவிடுவென்று செருப்பு விடுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். வசந்தா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலையிலிருந்து அடுப்படியில் நின்று, பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டு வைத்தாள். "அப்புறம் சாப்டறேன் அத்தை" என்றாள் யாமினி. அந்த ஒப்புட்டு திங்கட்கிழமையும் தட்டில் அப்படியே இருந்தது. அன்று முதல் மாமியாருக்கும் மருமகளுக்கும் நேர்ப்பேச்சு நின்று, "பால் பொங்குது", "யாரோ பெல் அடிக்கறாங்க" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. சுவர் பதில் சொல்லாதல்லவா, நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வசந்தா சொல்லிவிட்டாள். "ஏனுங்க, நாம இங்க வந்து உக்காந்திருக்கறது அந்தப் புள்ளைக்குப் புடிக்கலீங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா? வேண்டாங்க, கெளம்பிரலாம். நாளைக்கு நம்மால அவன் குடும்பத்துல ஒரு சங்கடம் வரக் கூடாது." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கள் தங்கை எதற்கும் அழுகிறவள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். நான் உடனே மதனைக் கூப்பிட்டு டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னேன். அவன் யாமினியின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "சரிப்பா, மாத்தறேன். அதுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு டிரிப் போயிட்டு வந்தர்லாம். பென்சில்வேனியா பார்டர்கிட்ட ஒரு ஸ்கீ ரிசார்ட் இருக்குதுப்பா" என்றான்.

ஸ்கீ என்பது, மச்சான், காலில் நீளமான பட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிமலையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது. ஜூன் மாதத்தில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டேன். "இது ஃபோர் சீசன் ரிசார்ட்பா" என்றான். நமக்கு ஆறு பருவம், இவர்களுக்கு நாலுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாலும் ஒரே மலையில் இருக்கும் என்பது புதிய செய்தி. ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் வெயில், பின்பக்கம் மழை என்று பிரித்து வைத்திருப்பார்களாக்கும், அமெரிக்காவில் எதுவும் நடக்கும் என்று முடிவு செய்து, நான் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, குடை, ரெயின்கோட்டு, மெல்லிய கதர்ச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். எந்தப் பருவத்துக்குள் முதலில் நுழைவோம் என்று தெரியாததால் குல்லாவைத் தலையிலேயே மாட்டிக்கொண்டேன்.

மலையின் பெயர் கோஸ்லிங் மவுண்டன். கோஸ்லிங் என்றால் வாத்துக்குஞ்சாம். போய் இறங்கினால் நம் ஊர்ச் சித்திரை மாதிரி வெயில் கொளுத்துகிறது. நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன், நாலு பக்கமும் அதே வெயில்தான். அங்கே இருந்த ஆண் பெண் அத்தனை பேரும் முக்கால் உடம்புக்குத் துணி இல்லாமல் திரிகிறார்கள். நடுவில் நான் குரங்குக் குல்லாவோடு. ஒரு பெண் வந்து மிகுந்த அக்கறையோடு எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். நான் "வின்டர் எங்கே?" என்றேன். "டிசம்பரில் வாருங்கள்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு பருவமும் ஒரே நேரத்தில் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக வருமாம். அப்படியானால் நம் தாராபுரமும்தானே அது, அதற்கு எதற்கு ஒரு பெயர்ப்பலகை என்று மதனிடம் கேட்டேன். அவன், "அப்பா, ப்ளீஸ், குல்லாவக் கழட்டுங்க" என்றான்.

அங்கே நடப்பதைப் பார்த்தால் தாங்களும் என்னைப் போலத்தான் ஆவீர்கள். மலையடியிலிருந்து உச்சிக்குக் கம்பிவடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. பனிக்காலத்தில் பட்டைக்காரர்கள் அதில் ஏறி உச்சிக்குப் போய் வழுக்கி இறங்குவார்களாம். பனி இல்லாத இப்போது எதற்கு ஓடுகிறது என்றால், ஒரு ஆள் தன் சைக்கிளை நாற்காலியில் மாட்டி மேலே அனுப்பி, அடுத்த நாற்காலியில் தான் ஏறிப் போய், சைக்கிளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வருகிறான். வந்ததும் மறுபடியும் சைக்கிளை மாட்டுகிறான். யார் அவனை இப்படி வேலை வாங்குகிறார்கள் என்று விசாரித்ததில், அது அவனுடைய லீவாம். இன்னொரு பக்கம் மலையில் சிமெண்டால் நீளமான வாய்க்கால் கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விடுவதற்கு இல்லை, மனிதர்களை விடுவதற்கு. சின்னச் சக்கரப் பலகையில் உட்கார்ந்து வளைந்து வளைந்து வருகிறார்கள். தண்ணீரை வேறு இடத்தில் குளமாகக் கட்டி, கடல் இல்லாத ஊரில் இயந்திரம் வைத்து அலை அடிக்க விடுகிறார்கள். வெண்பா ஒவ்வொன்றாகக் காட்டி, "தாத்தா, லுக்! தாத்தா, லுக்!" என்றது. நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

உள்ளே ஒரு பெரிய மரக்கூடம். சுவர் முழுக்கப் பழைய படங்கள். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு மலையின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெவின்யூ ஆபீஸில் ஆர்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எந்த நிலத்தைப் பார்த்தாலும் இதன் தாய்ப்பத்திரம் எங்கே என்றுதான் முதலில் தோன்றும். ஆகவே அவர் முன்னால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆதியில் மேற்படி மலை ஒரு பால்காரரின் மாட்டுப் பண்ணை. வாத்தும் வளர்த்திருக்கிறார், அதனால்தான் பெயர். பனி விழுந்து மாட்டைக் கொட்டகைக்குள் கட்டிவிட்டால் அவர் மகன்களுக்கு வேலை இல்லை. அவர்கள் ஒரு ஓட்டை லாரியை மலையடியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, உச்சியில் ஒரு மரத்தில் கப்பி மாட்டி விட்டார்கள். லாரி உறுமினால் கயிறு ஓடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டவனை மேலே இழுத்துப் போகும். அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். மாட்டைவிட மனிதன் லாபம் என்று தெரிந்ததும் மாட்டை விற்றுவிட்டார்கள்.

பிற்பாடு நியூயார்க்காரர் ஒருவர் கிரயம் வாங்கி, கயிற்றை எடுத்துவிட்டு நாற்காலி போட்டு, ஓட்டலும் கட்டினார். கட்டி முடித்த வருஷம் பனி விழவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. தண்ணீரையும் காற்றையும் கலந்து பீய்ச்சிப் பனி உண்டாக்கும் பீரங்கிகளைக் கொண்டுவந்து மலை நெடுக நட்டார். பனி விழும் தேசத்தில் பனி செய்வதற்கு இயந்திரமா என்று கேட்டேன். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி விளக்கினார். அந்தப் பீரங்கி வேலை செய்யவும் குளிர் வேண்டுமாம், குளிர் வராமல் பீரங்கியும் சும்மா நின்று, மலை பாங்கிக்குப் போய்விட்டது. பாங்கியிடமிருந்து வாங்கியது இப்போதைய கம்பெனி. மூன்று மாதம் வியாபாரம், மீதி மாதம் வெறும் புல் என்றால் கட்டாது என்று எல்லாப் பருவத்துக்கும் ஒரு சரக்கு ஏற்பாடு செய்தார்களாம். குளிர்காலத்துக்குப் பனி. கோடைக்குத் தண்ணீர். இலையுதிர் காலத்துக்கு என்ன என்றேன். இலை என்றார். இலையை என்ன செய்வார்கள்? பார்ப்பார்கள். பச்சை இலை சிவப்பாவதைப் பார்க்கக் காரில் கூட்டம் கூட்டமாக வருவார்களாம். வசந்த காலத்துக்கு? பனி உருகிச் சேறாகுமாம், அந்தச் சேற்றில் வடம் பிடித்து இழுக்கும் திருவிழாவாம். நம் பக்கத்தில் இதெல்லாம் சும்மாவே கிடக்கிறதே மச்சான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். "மேடம், உச்சி பட்டா நிலமா, புறம்போக்கா?" புறம்போக்கு என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "கவர்ன்மென்ட் லேண்ட்" என்றேன். அவர் அசந்துபோய், இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றும், மேல்பாதி மாநில அரசிடமிருந்து குத்தகை என்றும் சொன்னார். எனக்குத் தெரியும்! அங்கே எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான்.

நான் இந்த விசாரணையில் இருந்தபோது வெண்பா பொறுமை இழந்து மதனை இழுத்துக்கொண்டு நாற்காலி ஏறி மலை உச்சிக்கே போய்விட்டது. எங்களை ஏற்றிவிடும் பொறுப்பு யாமினிக்கு. நாங்கள் மூவரும் வரிசையில் நின்றோம். வசந்தா யாமினியிடம் பேசுவதில்லையே, அதனால் என்னிடம் கேட்டாள்: "மேல எந்தச் சாமிங்க?" நான் சாமி இல்லை என்றேன். "சாமி இல்லாமயா இத்தன பேரு போறாங்க? பழனில விஞ்ச் ஏறிப் போறமே, அது மாதிரித்தானுங்க இருக்கும்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டாள். மலை ஏறினால் வெறும் காலோடுதான் ஏறுவாள், தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த நாற்காலி நமக்காக நிற்காது. தரையில் போட்ட கோட்டில் நாம் நிற்க வேண்டும், அது பின்னாலிருந்து வந்து முழங்காலைத் தட்டி நம்மை அள்ளிக்கொண்டு போகும். நானும் வசந்தாவும் கோட்டில் நின்றோம். நாற்காலி வந்தது. அந்த நேரத்தில் எனக்கு வசந்தாவின் செருப்பு கோட்டுக்குப் பின்னால் கிடப்பது கண்ணில் பட்டது. வெளிநாட்டில் வாங்கிய செருப்பு. யாராவது மிதித்துவிடுவார்களே என்று குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தால் வசந்தா ஆகாயத்தில் இருக்கிறாள். பக்கத்தில் நான் இல்லை. யாமினி இருக்கிறாள்! மாமியார் தனியாகப் போய் விழுந்துவிடப் போகிறாளே என்று அந்தப் பெண் பின்னாலிருந்து ஓடிவந்து தாவி உட்கார்ந்துவிட்டிருக்கிறது. இரண்டு பேரும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி கிழக்கே பார்த்துக்கொண்டும் ஒருத்தி மேற்கே பார்த்துக்கொண்டும் மேலே போனார்கள். நான் செருப்போடு கீழே நின்றேன்.

பாதி மலை போயிருப்பார்கள். "கடக்" என்று ஒரு சத்தம். அத்தனை நாற்காலியும் அப்படியே நின்றுவிட்டது.

மச்சான், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தரைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பனைமர உயரம். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பெண்கள் ஒரே பலகையில். நான் அங்கிருந்த பொறுப்பாளனிடம் ஓடி, யார் மேலதிகாரி என்று கேட்டேன். அவன் பபிள்கம் மென்றுகொண்டே, மோட்டார் கோளாறு, மாற்று என்ஜின் போடப் போகிறார்கள், "தே ஆர் ஃபைன்" என்றான். எப்படி ஃபைன்? அவனுக்கு நம் வீட்டு நிலவரம் தெரியுமா? நான் குடையை ஊன்றிக்கொண்டு புல்சரிவில் ஏறி அவர்களுக்கு நேர் கீழே போய் நின்றேன். பின்னாலிருந்து "சார்! சார்!" என்று யாரோ விசில் அடித்தார்கள். நான் திரும்பவில்லை. அண்ணாந்து பார்த்தால் தங்கள் தங்கையின் வெறும் கால் இரண்டும், யாமினியின் வெள்ளை ஷூ இரண்டும்தான் தெரிகின்றன.

"வசந்தா! பயப்படாத! கீழ பாக்காத! நான் கீழதான் இருக்கறேன்!" என்று கத்தினேன்.

மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. வசந்தா ஏதோ கேட்டாள். யாமினி ஏதோ சொன்னாள். அப்புறம் அழுகைச் சத்தம். யாமினிதான் அழுகிறாள். ஐயோ, இவள் அந்தரத்தில் வைத்து மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாளே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு வியர்த்துப்போயிற்று.

"ஏப்புள்ள, இப்பப் போயி அவளத் திட்டாத! கீழ வந்து பேசிக்கலாம்!" என்றேன்.

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க!" என்று மேலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. மலையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும், பாஷைதான் புரிந்திருக்காது.

நான் சும்மா இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வசந்தா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை எடுத்து யாமினியின் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் யாமினி தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டது. நாற்காலி லேசாக ஆடியது. அது ஆட ஆட நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை மச்சான். காற்று அந்தப் பக்கமாக அடித்தது.

மாற்று என்ஜின் ஓடி நாற்காலி நகர்ந்தது. அவர்கள் உச்சிக்குப் போய் இறங்காமல் அப்படியே சுற்றிக்கொண்டு கீழே வந்தார்கள். நான் ஓடிப்போய்ச் செருப்பைக் காலடியில் வைத்தேன். வசந்தாவின் கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. "மேல சாமி இல்லீங்க. வெறுங்காத்துத்தான். ஆனாலும் போயிட்டு வரலாமுங்க" என்றாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "என்ன நடந்துது? நாக்காலி நின்னுது, அப்புறம் ஓடுச்சு" என்று சொல்லிவிட்டு, "வா கண்ணு" என்று யாமினியின் கையைப் பிடித்து மறுபடியும் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அந்நேரம் மதனும் வெண்பாவும் சிமெண்டு வாய்க்காலில் வழுக்கி வந்து சேர்ந்தார்கள். மதன் அவர்கள் இருவரும் கைகோத்து நிற்பதைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "ஏன்டா, என்ன?" என்றேன். "தூசிப்பா" என்றான். நன்றாகக் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும் தேசத்தில் தூசி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இது நடந்து சில வாரம் ஆயிற்று. குழப்பம் தீர்ந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இப்போதுதான் அதிகம். வசந்தா இப்போது தினமும் யாமினியோடு ஆபீஸ் போகிறாள்! ஆமாம் மச்சான், சரியாகத்தான் படித்தீர்கள். காலையில் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு, நல்ல சேலையாக ஒன்று உடுத்திக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போகிறாள். மாமியாரை ஆபீஸில் விடுவார்களா என்று கேட்டேன். "விடறாங்களே" என்றாள். அங்கே என்ன செய்கிறாய் என்றேன். "உக்காந்திருக்கறனுங்க" என்றாள். நம் தாலுக்கா ஆபீஸிலும் பலர் அதைத்தான் செய்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அத ஏன் கேக்கறீங்க, அவ்வளவு அமைதி. ஆரும் சத்தம் போட்டுப் பேசறதில்ல. பேசினா 'ஷ்ஷ்'னு ஒரு அம்மா வர்றாங்க" என்கிறாள். என்ன ஒழுங்கு பாருங்கள்! அலமாரி அலமாரியாக ஃபைல்கள் போலிருக்கிறது. காலையில் சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துக் கதை வேறு சொல்கிறார்களாம். டெலிபோன் கம்பெனிக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் வெண்பாவும் போய்விட்டு வந்து, "தாத்தா, இட்ஸ் எ லைப்ரரி" என்றது. ஆபீஸுக்குள்ளேயே லைப்ரரி வைத்திருக்கிறார்கள்! இதனால்தான் இவர்கள் இவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள்.

இந்த விவரத்தைக் கோயிலில் பாலசுப்ரமணியன் என்கிற மெட்ராஸ்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "உங்க வைஃப் நல்லவங்க சார்" என்றார். நான் ஆபீஸைப் பற்றிச் சொன்னால் அவர் எதற்கு வைஃபைப் பற்றிச் சொல்கிறார்? இந்த ஊரில் யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

வீட்டில் இப்போது ஒப்புட்டு மிஞ்சுவதே இல்லை. சமாதானம் ஆகிவிட்டதே, இருந்துவிட்டுத்தான் போகலாமே என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. ஆனால் மகன் ஒரு பக்கம், மனைவியும் மருமகளும் ஒரு பக்கம், பேத்தி கோடை வகுப்பு என்று எல்லாரும் வேலைக்குப் போய்விட, வீட்டில் நான் ஒருவன் ஜன்னல் வழியாக அணிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது என்னைப் பார்க்கிறது. நல்லபடியாக இருக்கும்போதே கிளம்பிவிடுவது மரியாதை என்று பட்டது. டிக்கெட் பற்றி வசந்தாவிடம் கேட்டால் "பாக்கலாமுங்க" என்கிறாள். மதனிடம் கேட்டால் "அம்மாகிட்டப் பேசுங்கப்பா" என்கிறான். யாமினியிடம் கேட்டால் "இன்னும் கொஞ்சம் காபி போடட்டுமா மாமா?" என்கிறாள். குடும்பத் தலைவன் என்ற முறையில் நானே முடிவு செய்து தங்களுக்கு எழுதிவிட்டேன். ஆகவே மேலே கண்டபடி வேன் பேசிவிடவும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒரு ஆளை விட்டுக் கழுவச் சொல்லவும். எலக்ட்ரிசிட்டி மீட்டர் ஓடுகிறதா என்றும் பார்க்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வம்சம் தழைத்து, தோட்டத்தில் கிணறு வற்றாமல், தாங்கள் நூறு வயது இருந்து எங்களுக்கு ஸ்டேஷனுக்கு வேன் கொண்டுவர வேண்டும் என்று வேண்டுகிறேன். கடிதத்தை ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட, ஆபீஸ் போகும் வசந்தாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
கு. செல்வராஜ்
ஆர்.ஐ., ஓய்வு

பின்குறிப்பு: அண்ணா, இது வசந்தா எழுதறது. ஒட்டறதுக்கு முன்னால படிச்சுப் பாத்தேன். மலை பேரு சரி. மத்தது எதையும் நம்பிராதீங்க. யாமினிக்கு ஆபீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே கம்பெனில பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், அதுல இவளும். எங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு, தினம் வேலைக்குப் போற மாதிரி காரை எடுத்துட்டுப் போயி லைப்ரரில உக்காந்து வேலை தேடியிருக்குது அந்தப் புள்ள. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். அந்த நாக்காலில நான், "கண்ணு, என்னயப் புடிக்கலீன்னா சொல்லிப்போடு, நான் போயிர்றேன்"னு கேட்டேன். உடைஞ்சு அழுதுட்டா. மதனுக்குத் தெரியும், ஆனா எங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவதான் சத்தியம் வாங்கியிருக்கறா. இப்ப தினம் நானும் கூடப் போறேன். அவ கம்ப்யூட்டர்ல மனு அனுப்பறா, நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். "நீங்க சும்மா இருந்தாலே போதும் அத்தை"ங்கறா. போன வாரம் ஒரு எடத்துல கூப்பிட்டுப் பேசினாங்க, நான் கார்ல உக்காந்து காவல் காத்தேன். இன்னும் பதில் வரல. வர்ற வரைக்கும் நான் வரமாட்டேன். டிக்கெட்டப் பழைய தேதிக்கே மாத்திரச் சொன்னேன், மதன் மாத்திட்டான். இவருகிட்டச் சொல்லல. சொன்னா அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல மைக்கப் புடிச்சு மருமகளுக்கு வேல கேட்டுருவாரு. நல்ல மனசுதான், வாய்தான் நிக்காது. அதனால திருப்பூருக்கு வேன் கொண்டாராதீங்க அண்ணா. உங்க மாப்பிள்ள காலைல இருந்து பொட்டி கட்டிட்டு இருக்கறாரு. கட்டட்டும், பாவம், ஊட்டுல அவருக்கும் ஒரு வேல வேணுமில்ல.